கர்கியா, திக்ரானாஷெனா? ஒரு ஊர்ப்பெயரை உச்சரிக்க முடியாமல் நின்ற கதை

இந்த எபிசோடுக்கு ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தப்போ முதல் வரியிலேயே மாட்டிக்கிட்டேன். "ஆர்மேனியத் தலைநகர் யெரெவானிலிருந்து தெற்கே ஈரானுக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது, அதன் பெயர்..." அவ்வளவுதான். அதுக்கு மேல போக முடியலை. கர்கினு எழுதினா நான் அஸர்பைஜான் பக்கம். திக்ரானாஷென்னு எழுதினா ஆர்மேனியா பக்கம். நடுநிலையா ஒரு பெயர் சொல்லலாம்னு தேடினா அப்படி ஒரு பெயரே கிடையாது. இரண்டு நாள் அந்த வரி பாதியிலேயே நின்னுது.

வேலையில நான் தினமும் டேட்டாபேஸோட பழகறவன். ஒரு டேபிள்ல ஒரு ஊருக்கு ஒரு ரோ, அதுல 'பெயர்'னு ஒரு காலம். இதுல என்ன பெரிய விஷயம்னு நினைக்கத் தோணும். இன்னிக்கு முழுக்க அந்த ஒரு காலத்தைப் பத்தித்தான் பேசப்போறேன்.

முதல்ல மேப். முடிஞ்சா போன்ல திறந்து வச்சுக்குங்க. ஆர்மேனியாவுக்கு நாலு அண்டை நாடுகள். மேற்கே துருக்கி, கிழக்கே அஸர்பைஜான், வடக்கே ஜார்ஜியா, தெற்கே ஈரான். துருக்கி எல்லை 1993லேர்ந்து மூடிக் கிடக்கு. அஸர்பைஜான் எல்லை போரால மூடினது. ஆக லாரி போய்வர மிச்சம் இருக்கறது ஜார்ஜியாவும் ஈரானும்தான். தென்மேற்குல நக்சிவான்னு ஒரு பகுதி தெரியும். அது அஸர்பைஜானுக்குச் சொந்தம், ஆனா தாய்நாட்டோட ஒட்டலை, நடுவுல ஆர்மேனியா இருக்கு. அந்த நக்சிவானுக்குச் சற்று வடக்கே, ஆர்மேனியாவுக்குள்ள, மேப்புல ஒரு சின்னப் பொட்டு மாதிரி ஒரு வட்டம் இருக்கும். நான் சொல்ற ஊர் அதுதான். நக்சிவானே ஒரு துண்டு நிலம். அந்தத் துண்டிலேர்ந்து சிதறி விழுந்த இன்னொரு துண்டு இது. ஈரான் நெடுஞ்சாலை நேரா அதுக்குள்ள புகுந்து வெளியே வருது.

இப்படி ஒரு நாட்டுக்குச் சொந்தமா இருந்து இன்னொரு நாட்டால சூழப்பட்ட நிலத்தை என்க்ளேவ்னு சொல்வாங்க. நான் இந்த எபிசோட் முழுக்க நிலத்தீவுன்னே சொல்றேன். இந்த இரண்டு நாடுகளுக்கும் இடையில் பேசப்படும் நிலத்தீவுகள் நாலு. அஸர்பைஜானுக்கு உரியவை மூன்று: நெடுஞ்சாலையில் இருக்கும் இந்த ஊர், வடகிழக்கே தவுஷ் பகுதியில் யுகாரி அஸ்கிபாரா, அதுக்குத் தெற்கே பர்குதார்லி, சோஃபுலு என்ற இரண்டு ஊர்களும் சேர்ந்த ஒன்று. ஆர்மேனியாவுக்கு உரியது ஒன்று: அஸர்பைஜானுக்குள் இருக்கும் ஆர்த்ஸ்வாஷென். அதுதான் பெரிசு, சுமார் 40 சதுர கிலோமீட்டர். நெடுஞ்சாலை ஊரின் பரப்பு அதில் பாதிகூட இல்லை.

இதெல்லாம் சோவியத் காலத்து எல்லைக்கோடுகள். இரண்டும் ஒரே நாட்டின் இரண்டு குடியரசுகளா இருந்தப்போ அந்தக் கோடு ரெண்டு மாவட்டத்துக்கு நடுவுல இருக்கற கோடு மாதிரிதான். பஸ் நிக்காம போகும். யாரும் பாஸ்போர்ட் கேட்க மாட்டாங்க. நாடு உடைஞ்சப்போதான் அந்தக் கோட்டுக்கு முள்வேலி முளைச்சுது.

உடைய ஆரம்பிச்சது 1988ல், நகோர்னோ கராபாக் பிரச்சினையில். 1990 ஜனவரியில் ஆர்மேனியப் படையினர் நெடுஞ்சாலை ஊரைப் பிடித்தார்கள். அங்கே இருந்த அஸர்பைஜானியர்கள் நக்சிவானுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கொதிப்பில் ஜனவரி 20ஆம் தேதி நக்சிவான் சோவியத் யூனியனிலிருந்து விலகுவதாகவே அறிவித்துவிட்டது. லித்துவேனியாவின் புகழ்பெற்ற சுதந்திர அறிவிப்பு அந்த வருஷம் மார்ச் 11தான். ஏழு வாரம் முந்தினது நக்சிவான், ஆனா யாருக்கும் ஞாபகம் இல்லை. சரி, அது வேற எபிசோட்.

ஊருக்குள் பிறகு குடியேற்றப்பட்டவர்கள் அஸர்பைஜானிலிருந்து அகதிகளாக வந்த ஆர்மேனியர்கள். இதைக் கொஞ்சம் நின்னு யோசிக்கணும். வீட்டை விட்டு ஓடிவந்தவங்க, ஓடிப்போனவங்க வீட்டுல உட்கார்றாங்க. ஊருக்குப் புதுப்பெயர்: திக்ரானாஷென். கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் பேரரசு நடத்திய மகா திக்ரான் என்ற ஆர்மேனிய மன்னனின் பெயர், கூடவே 'ஷென்'. ஷென் என்றால் குடியிருப்பு. நம்ம வாயில சொன்னா திக்ரானூர். அஸர்பைஜான் அரசின் கணக்கில் இன்றைக்கும் அது நக்சிவானின் சதரக் மாவட்டத்தைச் சேர்ந்த கர்கி.

இரண்டரை வருஷம் கழித்து, 1992 ஆகஸ்ட் 8ஆம் தேதி, ஆர்த்ஸ்வாஷென் அஸர்பைஜான் படையிடம் விழுந்தது. அங்கிருந்த ஆர்மேனியர்கள் வெளியேறினார்கள். பலர் பக்கத்து ஆர்மேனிய ஊரான சம்பரக்கில் தங்கினார்கள். ஆர்த்ஸ்வாஷென் என்றால் கழுகூர். அஸர்பைஜான் வரைபடத்தில் அதன் பெயர் பாஷ்கெந்த். பாஷ் என்றால் தலை, கெந்த் என்றால் கிராமம். தலையூர்.

சரி, இப்போ என் ஸ்கிரிப்ட் பிரச்சினைக்கு வர்றேன். எந்தப் பெயரைச் சொல்லணும்னு ஒரு விதி எழுதிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். இஞ்சினியர் புத்தி.

முதல் விதி ரொம்ப சுலபம்: இன்னிக்கு அந்த இடத்தில் என்ன பெயர்ப்பலகை இருக்கோ அதுதான் பெயர். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல கிட்டத்தட்ட இதுதான் வழக்கம். களத்தில் என்ன இருக்கோ அதை எழுது, யாருக்கு உரிமைன்னு தீர்ப்பு சொல்லாதே. அங்கே ஆர்மேனிய மொழிப் பெயருக்கு ஒரு கட்டம், அஸெரி மொழிப் பெயருக்கு ஒரு கட்டம், பழைய பெயருக்கு ஒரு கட்டம்னு தனித்தனியா வச்சுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனா மேப்புல பெரிய எழுத்தில் தெரியற 'நேம்' என்ற கட்டம் ஒண்ணே ஒண்ணு. அதில் களநிலவரம் எழுதணும்னா, 1990 ஜனவரிக்கு அப்புறம் திக்ரானாஷென், 1992 ஆகஸ்டுக்கு அப்புறம் பாஷ்கெந்த். அதாவது யார் துப்பாக்கியோட நிக்கறாங்களோ அவங்க சொல்றதை நான் தட்டச்சு பண்றேன். ஊரை இழந்தவன் மேப்பைத் திறந்து பார்த்தா அவன் பிறந்த ஊரே அதில் இல்லை. சுலபமான விதிதான், எனக்குக் கை வரலை.

இரண்டாவது விதி: சட்டம். எந்த நாட்டுக்கு உரியதோ அந்த நாட்டுப் பதிவேட்டில் உள்ள பெயர். இப்படிப் பார்த்தா நெடுஞ்சாலை ஊர் கர்கி, 40 சதுர கிலோமீட்டர் ஊர் ஆர்த்ஸ்வாஷென். ஆளுக்கு ஒண்ணு, பார்க்க நியாயமா இருக்கு. ஒரு நாள் முழுக்க இதையே வச்சுக்கிட்டேன்.

அப்புறம் ஸ்டெபானகெர்ட் ஞாபகத்துக்கு வந்தது. நிலத்தீவு இல்லை, கராபாக்கின் தலைநகரம். ஆனா பெயர்ச்சண்டைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதன் பழைய பெயர் கான்கெந்தி, அதாவது கானின் கிராமம். ஆர்மேனியர்கள் அதற்கும் முன்னால் அங்கே வராராக்ன் என்ற பெயர் இருந்தது என்பார்கள். 1923ல் சோவியத் அரசு அதற்கு ஸ்டெபானகெர்ட் என்று பெயரிட்டது. பாகுவில் புரட்சி நடத்தி 1918ல் சுட்டுக்கொல்லப்பட்ட போல்ஷெவிக் தலைவர் ஸ்தெபான் ஷவுமியானின் நினைவாக. ஷவுமியான் பிறப்பால் ஆர்மேனியர், அரசியலால் சர்வதேசியவாதி. இனப்பெருமைக்காக வச்ச பெயர் இல்லை அது. எழுபது வருஷத்தில் அதுவே ஆர்மேனியர்களின் உயிர்ப்பெயர் ஆகிவிட்டது.

1991 நவம்பர் 26ஆம் தேதி அஸர்பைஜான் நாடாளுமன்றம் கராபாக்கின் தன்னாட்சியை ரத்து செய்தது. அதோடு ஸ்டெபானகெர்ட் மீண்டும் கான்கெந்தி, மர்தகெர்ட் இனி அக்தெரெ, மார்த்துனி இனி கோஜவெந்த். உலக நாடுகளின் பார்வையில் அந்த மண் அஸர்பைஜானுடையது. எனவே என் இரண்டாவது விதிப்படி அன்று முதல் அந்த நகரம் கான்கெந்தி. ஆனால் நகரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அதை ஸ்டெபானகெர்ட் என்றே அழைத்தார்கள், 2023 செப்டம்பர் வரை. அந்த மாதம் அஸர்பைஜான் தாக்குதலுக்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர்கள் சில நாட்களில் கராபாக்கை விட்டு வெளியேறினார்கள். நகரம் காலி. பதிவேட்டுப் பெயருக்கும் வாய்ப்பெயருக்கும் முப்பத்திரண்டு வருஷமா இருந்த முரண்பாடு தீர்ந்தது, கூப்பிட ஆளே இல்லாம போனதால. இப்படித் தீர்ந்த முரண்பாட்டை என் விதி சரின்னு காட்டற ஆதாரமா எடுத்துக்க எனக்கு மனசு வரலை.

மூன்றாவது விதிக்கு வந்தேன். குடியிருந்தவர்கள் எப்படிக் கூப்பிட்டார்களோ அதுதான் பெயர். மனசுக்கு நெருக்கமான விதி. இதுலதான் வரலாறு என்னை நல்லா வேடிக்கை காட்டியது.

ஆர்த்ஸ்வாஷெனையே எடுத்துக்குங்க. 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஆர்மேனியர்கள் வாழ்ந்த ஊர். ஆனால் நெடுங்காலம் அதன் பெயர் பாஷ்கெந்த்தான். ஆமாம், ஆர்மேனியர்கள் வாழ்ந்த ஊருக்குத் துருக்கியப் பெயர். கழுகூர் என்ற ஆர்மேனியப் பெயர் சோவியத் காலத்தின் பிற்பகுதியில் வந்தது. ஆக, 'பாஷ்கெந்த் என்ற பெயரே அது அஸர்பைஜான் ஊர் என்பதற்குச் சாட்சி' என்று ஒருவர் சொன்னால் அது தப்பு. 'ஆர்த்ஸ்வாஷென் என்பதே காலங்காலமான பெயர்' என்று இன்னொருவர் சொன்னால் அதுவும் தப்பு. ஆர்மேனியாவிலும் அஸர்பைஜானிலும் 20ஆம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான ஊர்ப்பெயர்கள் மாற்றப்பட்டன. ஆர்மேனியாவில் பாசார்கெச்சர் 1969ல் வார்தெனிஸ் ஆனது. மேலே சொன்ன சம்பரக் ரஷ்யக் குடியேறிகள் காலத்தில் மிகாய்லோவ்கா, பிறகு கிராஸ்னோசெல்ஸ்க், சோவியத் உடைந்த பிறகு சம்பரக். கழுகூரை இழந்தவங்க போய்த் தங்கின ஊருக்கே மூணு பெயர்!

இதைவிட எனக்குப் பிடிச்சது அஸ்கிபாரா. தவுஷ் மலைகளில் வொஸ்கெபார் என்று ஓர் ஆர்மேனிய கிராமம். அங்கே 7ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று இன்னும் நிற்கிறது. பக்கத்திலேயே இரண்டு அஸர்பைஜானிய கிராமங்கள் இருந்தன: யுகாரி அஸ்கிபாரா, அஷாகி அஸ்கிபாரா. யுகாரி என்றால் மேல், அஷாகி என்றால் கீழ். நம்மூர்ல மேலத்தெரு கீழத்தெரு மாதிரி. இப்போ வொஸ்கெபார், அஸ்கிபாரா இரண்டையும் வேகமா சொல்லிப் பாருங்க. ஒரே பெயர்தான், இரண்டு வாயில் புழங்குது. ஆர்மேனியக் காதில் 'வொஸ்கி' என்றால் தங்கம், 'பார்' என்றால் நடனம், பொன்னாட்டம். துருக்கிய மொழிக் காதில் 'அஸ்கி' என்றால் பழையது, 'பாரா' என்றால் துண்டு. பழைய துண்டு நிலம். எது மூலம், எது திரிபு என்று இரண்டு பக்க அறிஞர்களும் வாதாடலாம். எனக்குத் தெரிவது இதுதான்: இரண்டு மொழிக்காரர்கள் ஒரே பள்ளத்தாக்கில், ஒருத்தர் பெயரை இன்னொருத்தர் காதால் கேட்டு வாயில் போட்டுக்கொள்ளும் தூரத்தில் வாழ்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்று பகானிஸ் அய்ரும். பகானிஸ் என்பது பக்கத்திலிருக்கும் ஆர்மேனிய கிராமத்தின் பெயர். அய்ரும் என்பது ஒரு துருக்கியக் குடியின் பெயர். பகானிஸ் பக்கத்து அய்ரும்காரங்க ஊர். பெயருக்குள்ளேயே பக்கத்து வீட்டுக்காரன் உட்கார்ந்திருக்கான்.

ஆனா மூன்றாவது விதி இங்கேதான் விழுந்தது. யுகாரி அஸ்கிபாரா, பர்குதார்லி, சோஃபுலு மூணும் 1992லேர்ந்து ஆர்மேனியா கையில். அங்கே ஊர் இல்லை, இடிபாடுகள்தான். குடியிருந்தவர்கள் சொன்னது அஸ்கிபாரா. இன்று ஆர்மேனியர்கள் சொல்வது வெரின் வொஸ்கெபார். வெரின் என்றாலும் மேல்தான். பர்குதார்லிக்கும் சோஃபுலுவுக்கும் புதுப்பெயர் சூட்டுவதில் யாருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. காரணம் எளிது. பெயர்ப்பலகை வைக்கத் தெரு வேணும், தபால் போட வீடு வேணும். அங்கே இரண்டும் இல்லை.

இந்தச் சண்டையை வெறும் பெயர்ச்சண்டைன்னு நினைச்சுடாதீங்க. 2024ல் இது மறுபடி எரிந்தது. அஸர்பைஜான் எட்டு கிராமங்களைக் கேட்டது. நான்கு நிலத்தீவு கிராமங்கள்: கர்கி, யுகாரி அஸ்கிபாரா, பர்குதார்லி, சோஃபுலு. நான்கு எல்லையோரக் கிராமங்கள்: அஷாகி அஸ்கிபாரா, பகானிஸ் அய்ரும், கெய்ரிம்லி, கிஸில்ஹாஜிலி. 2024 ஏப்ரல் 19ஆம் தேதி இரு நாட்டு எல்லை ஆணையங்களும் இரண்டாவது நான்கைப் பற்றி உடன்பட்டன. அடிப்படை, சோவியத் ராணுவத் தலைமையகத்தின் 1976ஆம் ஆண்டு வரைபடம். மே 24ஆம் தேதி அவை அஸர்பைஜான் கட்டுப்பாட்டுக்குப் போயின. எதிர்ப்பு தெரிவித்து தவுஷிலிருந்து ஒரு பேராயர், பக்ரத் கல்ஸ்தானியான், தலைமையில் கூட்டம் யெரெவான் வரை நடந்தே போனது. எல்லையோர கிராமமான கிரான்ட்ஸில் எல்லைக்கோடு வீடுகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஊரைச் சுற்றிப் போக வேறு சாலை போட வேண்டியிருந்தது.

நிலத்தீவுகளைப் பிறகு பார்த்துக்கலாம்னு தள்ளி வச்சாங்க. ஏன்னு மேப்பைப் பார்த்தாலே தெரியும். ஈரான் சாலை கர்கி வழியா போகுது. ஜார்ஜியாவுக்குப் போகும் சாலைகளில் ஒன்று வொஸ்கெபார் பக்கம் போகுது. ஆர்மேனியாவுக்குத் திறந்திருக்கும் இரண்டு கதவுகளின் கீல்களும் இந்தப் பொட்டுகள் ஓரமா இருக்கு. யெரெவானில் ஓர் அமைச்சர் மேடையில் 'கர்கி' என்று சொன்னால் கேட்பவர்கள் காதில் விழுவது 'ரோடு போச்சு'. பாகுவில் ஒருவர் 'திக்ரானாஷென்' என்று சொன்னால் அது துரோகம். எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதை வைத்தே எதை விட்டுக்கொடுக்கப்போகிறார் என்று ஊகிக்கிறார்கள்.

மேப்புல வராத ஒரு விஷயத்தை இங்கே சொல்லணும். 1990ல் கர்கியை விட்டுப் போனவர்களுக்காக நக்சிவானில், இன்றைய கங்கர்லி மாவட்டத்தில், ஒரு புது ஊர் உருவானது. அதன் பெயர் யெனி கர்கி, புதுக் கர்கி. அங்கே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இப்போ முப்பது வயசு தாண்டியிருக்கலாம். என்னைவிடக் கொஞ்சம் பெரியவர். எந்த ஊர்னு கேட்டா என்ன சொல்வார்? பார்க்காத ஊரின் பெயரில் ஒரு 'புது' சேர்த்துச் சொல்வார். அதே வயசில் திக்ரானாஷெனில் வளர்ந்த ஒருவர் இருப்பார். அவருடைய அப்பா அம்மாவின் ஊர் அஸர்பைஜானில் எங்கேயோ, இப்போ அவர்களால் போக முடியாத இடத்தில், வேறு யாரோ குடியிருக்க இருக்கும். அவருக்குத் தெரிந்த ஒரே ஊர் திக்ரானாஷென். இந்த ரெண்டு பேரில் யார் சொல்றது பொய்?

கடைசியா ஒரு கதை. இது நிலத்தீவு இல்லை, ஆனா இதே காலம், இதே ரெண்டு நாடு. அஸர்பைஜானில் ஷமாக்கி பக்கம் கெர்கெஞ் என்று ஓர் ஆர்மேனிய கிராமம். ஆர்மேனியாவின் வடக்கே கிஸில் ஷஃபாக் என்று ஓர் அஸர்பைஜானிய கிராமம்; பெயருக்குச் செவ்விடியல் என்று பொருள். 1989ல், சுற்றிலும் மக்கள் அடித்து விரட்டப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இந்த இரண்டு ஊர்க்காரர்களும் தாங்களே பேசி முடிவு செய்து ஊரையே மாற்றிக்கொண்டார்கள். உன் வீட்டில் நான், என் வீட்டில் நீ. போவதற்கு முன்னால் ஒரு வாக்கு கொடுத்துக்கொண்டார்கள்: எங்கள் கல்லறைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் கல்லறைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கிஸில் ஷஃபாக் இன்று ஜுனாஷோக். ஆர்மேனிய மொழியில் பனியொளி. செவ்விடியல் பனியொளி ஆயிடுச்சு. கெர்கெஞ் கெர்கெஞ்சாகவே இருக்கு, ஆர்மேனியர்கள் இல்லாமல். பெயர் ஒரு ஊரில் மாறிச்சு, இன்னொரு ஊரில் மாறலை. வாக்கு இரண்டு பெயரையும் பற்றியது இல்லை. கல்லறைகளைப் பற்றியது. அதில் செதுக்கின எழுத்தை யாரும் மாத்தக் கூடாதுன்னு அர்த்தம்.

என் முதல் வரிக்கு வர்றேன். ஒரு வழியா இப்படி எழுதினேன்: "யெரெவானிலிருந்து ஈரானுக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1990 ஜனவரி வரை அங்கே இருந்தவர்கள் அதைக் கர்கி என்றார்கள். இப்போது அங்கே இருப்பவர்கள் திக்ரானாஷென் என்கிறார்கள்." ஒரு காலத்தில் அடங்காத பெயர், மூணு வாக்கியம் ஆச்சு. ரெக்கார்ட் பண்றப்போ இரண்டாவது வாக்கியத்தில் மூணு தடவை நாக்கு தடுக்கினது. எடிட்டில் வெட்டிட்டேன்.

டேட்டாபேஸ் கணக்கில் இன்னும் ஒண்ணு பாக்கி. யெனி கர்கிக்குத் தனி ரோ போடறதா, இல்லை கர்கியோட ரோவிலேயே இன்னொரு இடக்குறிப்பு சேர்க்கறதா? இப்போதைக்குத் தனி ரோவா வச்சிருக்கேன், 'பார்க்க: கர்கி'ன்னு ஒரு குறிப்போட.

அடுத்த எபிசோட்ல அந்த 1990 நக்சிவான் அறிவிப்பைப் பத்திப் பேசலாம். சந்திப்போம்.